தூண்டில் மடல்களும் ஆட்டக் கணக்குகளும்: இணைய விளையாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இணைய விளையாட்டுகளில் கணக்கு வைத்திருக்கும் இளைஞர்களுக்கும், அணிகளையும் கில்டுகளையும் நடத்தும் மூத்த ஆட்டக்காரர்களுக்கும்,



ஆட்டக் கணக்கைப் பறிக்கும் நோக்குடன் வரும் போலி மின்னஞ்சலை எவ்வாறு இனங்காண்பது என்ற கேள்விக்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் விடை, அதில் எழுத்துப்பிழை இருக்கும், நிறுவனச் சின்னம் மங்கியிருக்கும், நடை கொச்சையாக இருக்கும் என்பதாகும். ஒரு காலத்தில் ஓரளவு பயன்பட்ட இந்த விடையே இன்று ஆபத்தாக மாறிவிட்டது. பிழைகளைத் தேடப் பழகிய கண், பிழையில்லாத மடலைக் கண்டதும் அதை உண்மையென்று ஏற்றுக்கொள்கிறது. மடலின் தோற்றத்தைக் கொண்டு அதன் உண்மையைத் தீர்மானிப்பதை விட்டுவிட்டு, அது படிப்பவரை எந்த முகவரிக்கு அழைக்கிறது, அங்கே எதைக் கேட்கிறது என்ற இரண்டை மட்டுமே ஆராய வேண்டும் என்பதும், கணக்கு தொடர்பான எந்தச் செயலையும் மடலில் உள்ள இணைப்பின் வழியாகச் செய்யாமல் தாமே அறிந்த வழியில் சென்று செய்ய வேண்டும் என்பதும் இம்மடல் முன்வைக்கும் வேண்டுகோள்கள்.

நம்பத்தக்க ஒரு நிறுவனத்தின் பெயரில் செய்தி அனுப்பி, அதைப் பெறுபவர் தமது கடவுச்சொல்லைத் தாமே முன்வந்து கொடுத்துவிடும்படி செய்யும் மோசடி ஃபிஷிங் எனப்படுகிறது. தூண்டில் மோசடி என்று இதைத் தமிழில் சொல்லலாம். இதில் நிறுவனத்தின் கணினி உடைக்கப்படுவதில்லை. கணக்கின் உரிமையாளரே ஏமாற்றப்படுகிறார். ஆகையால் ஆட்ட நிறுவனம் தன் சேவையகங்களை எவ்வளவு உறுதியாகப் பாதுகாத்தாலும், உரிமையாளர் வேறொருவரின் பக்கத்தில் தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லை அந்தப் பாதுகாப்பு காப்பாற்ற இயலாது.

வங்கிக் கணக்கை விட்டு ஆட்டக் கணக்கை ஏன் ஒருவர் திருட வேண்டும் என்ற ஐயம் இயல்பானது. வங்கிப் பணம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லும்போது ஒவ்வொரு நிலையிலும் பதிவாகிறது; பெறுபவர் அடையாளச் சான்று கொடுத்துக் கணக்குத் தொடங்கியவராக இருக்க வேண்டும்; காவல்துறை கேட்டால் வங்கி அந்தத் தொகையை முடக்க முடியும். ஆட்டத்துக்குள் இருக்கும் பொருளோ சில நொடிகளில் கைமாறும். பெறுபவர் புனைபெயரில் இருப்பார். இரண்டு மூன்று கணக்குகளைக் கடந்தபின் அது உண்மைப் பணமாக மாறிவிடும். இழந்தவரும், விளையாட்டுதானே என்று பிறர் நகைப்பார்கள் என எண்ணிப் புகார் கொடுக்கத் தயங்குவார். மதிப்பு மிகுதியாகவும் காவல் குறைவாகவும் இருப்பதே ஆட்டக் கணக்கைத் திருடர்க்கு ஏற்ற இலக்காக்குகிறது.

இந்த மோசடி வளர்ந்த விதத்தை அறிய, பிளிசார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டத்தின் வரலாறு சிறந்த சான்றாகும். மாதச் சந்தா செலுத்தி ஆடப்படும் இந்த ஆட்டத்தின் சந்தாதாரர் எண்ணிக்கை 2010 அக்டோபரில் 1.2 கோடியை எட்டியது. ஆட்டத்துக்குள் புழங்கும் பொற்காசுகளை உண்மைப் பணத்துக்கு விற்பது விதிகளுக்கு மாறானது. ஆயினும் அவற்றைச் சம்பாதிக்கப் பல மணிநேரம் உழைக்க வேண்டியிருந்ததால், பணம் கொடுத்து வாங்க விரும்புவோரும், அவர்களுக்கு விற்கும் கள்ளச்சந்தையும் தோன்றின. பொற்காசைப் பெற மெய்யாக உழைப்பதைவிட, ஏற்கெனவே உழைத்தவரின் கணக்கைப் பறிப்பது எளிது என்பதை அச்சந்தை விரைவில் கண்டுகொண்டது. பறிக்கப்பட்ட கணக்கில் இருந்த கவசங்களும் ஆயுதங்களும் ஆட்டத்தின் கடைகளிலேயே விற்கப்பட்டுக் காசாக்கப்படும். கணக்குக்குரியவர் ஒரு கில்டில், அதாவது நிலையான ஆட்டக் குழுவில், உரிய அனுமதி பெற்றவராக இருந்தால் அக்குழுவின் பொதுக் கருவூலமும் காலியாகும். ஒருவரது கவனக்குறைவு உடன் ஆடிய பலரது உழைப்பையும் அழித்தது.

2009 நவம்பர் 11 முதல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கணக்குகள் அனைத்தும் பேட்டில்.நெட் என்ற பொதுக் கணக்குக்கு மாற்றப்பட வேண்டியதாயிற்று. அதன்பின் பயனர்பெயருக்குப் பதிலாக மின்னஞ்சல் முகவரியே நுழைவுக்குரிய அடையாளமானது. பல இடங்களில் ஒருவர் வெளிப்படையாகக் கொடுத்துவைத்திருக்கும் மின்னஞ்சல் முகவரி இவ்வாறு கணக்கின் திறவுகோலில் பாதியாயிற்று. மடல் அனுப்ப ஒரு முகவரியும் கணக்கைத் திறக்க ஒரு பெயரும் தேவைப்பட்ட திருடனுக்கு, இரண்டும் ஒன்றாகிப்போனது பெரும் வசதி.

அக்காலத்தில் பெருகிய போலி மடல்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். இன்று வேறு ஆட்டங்களின் பெயரில் வருபவையும் பெரும்பாலும் இவற்றுள் அடங்கும். முதல்வகை அச்சுறுத்தும் மடல்: கணக்கை விற்க முயன்றதாக ஐயம் எழுந்துள்ளது, உரிமையைச் சரிபார்க்காவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்று அது கூறும். இரண்டாவது வகை பரிசளிக்கும் மடல்: 2010 டிசம்பரில் வெளியான கேட்டக்ளிசம் என்ற விரிவாக்கத்தை முன்கூட்டியே ஆடிப் பார்க்கும் சோதனை வாய்ப்பு கிடைத்துள்ளது என்றோ, அரிய ஊர்தி இலவசமாகக் காத்திருக்கிறது என்றோ அது ஆசை காட்டும். மூன்றாவது வகை பாதுகாப்பு அறிவிப்பின் வடிவில் வருவது. அயலார் ஒருவர் கணக்குக்குள் நுழைய முயன்றதால் கடவுச்சொல்லை உடனே மாற்றுமாறு அது அறிவுறுத்தும். அச்சம், ஆசை, முன்னெச்சரிக்கை ஆகிய மூன்றும் வேறுபட்ட உணர்வுகளாயினும், மூன்று மடல்களும் ஓர் இணைப்பை அழுத்தச் சொல்லியே முடிகின்றன.

மூன்றாவது வகை மிகவும் கவனிக்கத்தக்கது, ஏனெனில் அது எச்சரிக்கையானவரையே குறிவைக்கிறது. 2012 ஆகஸ்டில் பிளிசார்ட் தன் உள்வலையமைப்பில் அத்துமீறல் நடந்துள்ளதாக அறிவித்தது. வட அமெரிக்கச் சேவையகங்களைப் பயன்படுத்தியோரின் குறியாக்கம் செய்யப்பட்ட கடவுச்சொற்களும் பாதுகாப்புக் கேள்விகளுக்கான விடைகளும், சீனா தவிர்த்த பிற பகுதிகளின் பயனர்களுடைய மின்னஞ்சல் முகவரிகளும் வெளியேறியிருந்தன. கடவுச்சொல்லை மாற்றுமாறு நிறுவனமே உண்மையாக அறிவுறுத்திய அத்தகைய வேளையில், அதே அறிவுரையைச் சொல்லும் போலி மடல் வந்தால் உள்ளடக்கத்தைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. நிறுவனத்தின் பக்கத்தைத் தாமே தட்டச்சு செய்து திறந்தவருக்கு அவ்வாறு பிரித்தறிய வேண்டிய தேவையே எழாது. வந்த மடல் உண்மையாயினும் பொய்யாயினும் அவர் செய்த செயல் சரியானதாகவே இருக்கும்.

இதே வரலாறு சில ஆண்டுகளில் மேலும் பெரிய அளவில் ஸ்டீம் தளத்தில் நிகழ்ந்தது. வால்வ் நிறுவனம் 2003இல் தொடங்கிய ஸ்டீம், கணினி விளையாட்டுகளை விற்கும் கடை. 2011இல் அது பயனர்கள் தம் ஆட்டப் பொருள்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் வசதியை அளித்தது. 2013 ஆகஸ்டில் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆட்டத்தில், ஆயுதங்களுக்குப் பூசப்படும் வண்ண வேலைப்பாடுகளான ஸ்கின்கள் அறிமுகமாயின. ஆட்டத்தின் வலிமையைச் சற்றும் கூட்டாத இந்த அலங்காரங்களில் அரியவை பெருந்தொகைக்கு விலைபோகத் தொடங்கியதும், மாதந்தோறும் சுமார் 77,000 கணக்குகள் கைப்பற்றப்பட்டுச் சூறையாடப்படுவதாக 2015 டிசம்பரில் வால்வ் அறிவிக்கும் நிலை வந்தது. பறிகொடுத்தவர்கள் அனுபவமற்ற புதியவர்கள் அல்லர், தொழில்முறை ஆட்டக்காரர்களும் தேர்ந்த வணிகர்களும் அவர்களுள் இருக்கிறார்கள் என்று அதே அறிவிப்பில் அந்நிறுவனம் குறிப்பிட்டது. ஏமாறுவோர் அறிவிலிகள் என்ற கருத்தை இந்தக் கூற்று தகர்க்கிறது. மடல்களின் தோற்றத்தை நன்கு பழகியவர்களையும் அந்தப் பழக்கம் காப்பாற்றவில்லை.

மடலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டால், முதலில் கண்ணில் படுவது அனுப்புநரின் பெயர். மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டபோது அனுப்புநர் யார் என்பதைச் சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இடம்பெறவில்லை. தபால் உறையின் மூலையில் யாரும் எந்த அனுப்புநர் பெயரையும் எழுதிவிட முடிவதைப் போல, மின்னஞ்சலிலும் ஸ்டீம் உதவிப் பிரிவு என்ற பெயரை யாரும் இட்டுக்கொள்ளலாம். கைப்பேசிச் செயலிகள் பெரும்பாலும் இந்தப் பெயரை மட்டுமே காட்டி, உண்மையான முகவரியை மறைத்துவிடுகின்றன; பெயரைத் தொட்டு விரித்தால்தான் முகவரி தெரியும்.

அனுப்புநரைச் சரிபார்க்காத இக்குறையை நீக்கப் பின்னாளில் மூன்று ஏற்பாடுகள் வந்தன. ஒரு டொமைனின், அதாவது ஒரு நிறுவனம் பதிவு செய்து வைத்திருக்கும் இணையப் பெயரின், சார்பில் எந்தச் சேவையகங்கள் மடல் அனுப்பலாம் என்ற பட்டியல் எஸ்பிஎஃப் எனப்படும். மடல் வழியில் மாற்றப்படவில்லை என்பதற்கு அந்த டொமைன் இடும் மின்கையொப்பம் டிகிம் எனப்படும். இவ்விரு சோதனைகளில் தேறாத மடலை என்ன செய்ய வேண்டும் என்ற அறிவுறுத்தல் டிமார்க் எனப்படும். ஜிமெயில் போன்ற சேவைகளில் மடலின் மூல வடிவத்தைத் திறந்தால் இம்மூன்றின் முடிவுகளையும் காணலாம். ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு: அந்தச் சோதனைகள், மடல் இன்ன டொமைனிலிருந்து வந்தது என்பதையே உறுதிசெய்கின்றன, அந்த டொமைன் நல்லவருடையது என்பதை அல்ல. திருடன் ஆட்ட நிறுவனத்தின் பெயரை ஒத்த ஒரு டொமைனைத் தானே விலைக்கு வாங்கி முறையாக அமைத்துவிட்டால், அவனது மடல் மூன்று சோதனைகளிலும் தேறிவிடும். தேறாத மடலை ஐயுறலாம். தேறிய மடலை அதனாலேயே நம்பலாகாது.

எனவே டொமைன் பெயரை வாசிக்கும் திறனே அடிப்படையானது. ஓர் இணைய முகவரியில், தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டுக்கும் அதன்பின் முதன்முதலாக வரும் ஒற்றைச் சாய்கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதியே எந்த இடத்துக்குச் செல்கிறோம் என்பதைச் சொல்கிறது. அப்பகுதியை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். ஸ்டீம்பவர்ட் டாட் காம் என்பது வால்வ் நிறுவனத்தின் டொமைன்; அதற்கு முன்னால் ஸ்டோர் என்றோ ஹெல்ப் என்றோ ஒரு சொல் புள்ளியால் பிரிந்து நின்றால், அது அந்த டொமைனின் உட்பிரிவு. ஆனால் டாட் காம் என்பதற்குப் பின் சாய்கோடு வராமல் மீண்டும் ஒரு புள்ளியும் அதையடுத்து அறியாத ஒரு பெயரும் வந்தால், இறுதியில் நிற்கும் அந்தப் பெயரை வாங்கியவரே பக்கத்தின் உரிமையாளர். முன்னால் நிற்கும் ஸ்டீம் என்ற சொல் வெறும் அலங்காரம். சிறுகோடிட்டு சப்போர்ட் என்றோ கிஃப்ட் என்றோ ஒட்டப்பட்ட பெயரும் தனி டொமைனே; மூலப் பெயருக்கும் அதற்கும் எந்த உறவும் இருக்க வேண்டியதில்லை. கணினியில் சுட்டியை இணைப்பின்மேல் அழுத்தாமல் நிறுத்தினாலும், கைப்பேசியில் இணைப்பை நீண்ட நேரம் தொட்டிருந்தாலும், அது செல்லும் முகவரி பெரும்பாலும் தெரியும். மடலில் நீல எழுத்தில் காணப்படும் முகவரியும் இணைப்பு உண்மையில் செல்லும் முகவரியும் வேறாக இருக்கலாம் என்பதால் இந்தச் சோதனை இன்றியமையாதது.

எழுத்துகளின் உருவ ஒற்றுமையும் கருவியாகிறது. ஆங்கிலத்தில் ஆர், என் ஆகிய இரண்டு சிறிய எழுத்துகளும் நெருங்கி நின்றால் எம் என்ற எழுத்தாகத் தோன்றும். ஸ்டீம்கம்யூனிட்டி என்ற பெயரில் அடுத்தடுத்து வரும் இரு எம் எழுத்துகளுள் ஒன்றை அவ்வாறு மாற்றினாலோ விட்டுவிட்டாலோ கைப்பேசித் திரையில் வேறுபாட்டைக் காண்பது அரிது. ரஷ்ய மொழியின் சிரிலிக் எழுத்து வரிசையில் உள்ள சில எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் அதே வடிவில் இருப்பதால், கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் அமைந்த டொமைன்களும் பதிவு செய்யப்பட்டுள்ளன. இவற்றைக் கண்ணால் மட்டும் பிடித்துவிட முடியும் என்று எண்ணுவது தன்னம்பிக்கையின் மிகையே ஆகும்.

முகவரிப் பட்டையில் காணப்படும் பூட்டுச் சின்னத்தைப் பாதுகாப்பின் முத்திரையாகக் கொள்வோர் இன்றும் பலர். உலாவிக்கும் பக்கத்துக்கும் இடையே செல்லும் தகவலை இடையில் எவரும் படிக்க முடியாது என்பதே அச்சின்னத்தின் பொருள். பக்கத்தின் மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்று அது ஒருபோதும் கூறியதில்லை. இதற்குத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இலவசமாக வழங்கிவருகிறது. நல்ல தளங்களுக்குப் பெரிதும் உதவிய இந்த ஏற்பாடு திருடர்களுக்கும் திறந்தே இருக்கிறது. பூட்டைப் பற்றிய தவறான நம்பிக்கையைக் கருதியே கூகுள் 2023இல் குரோம் உலாவியிலிருந்து அச்சின்னத்தை நீக்கி வேறொன்றை வைத்தது.

முகவரிப் பட்டையை வாசிக்கத் தெரிந்தவரையும் ஏமாற்ற வந்த முறை, உலாவிக்குள் உலாவி எனப்படும் போலிச் சாளரமாகும். பல தளங்களில் ஸ்டீம் கணக்கைக் கொண்டே நுழையும் வசதி இருப்பதால், பொத்தானை அழுத்தியதும் நுழைவுக்கான சிறு சாளரம் தோன்றுவது ஆட்டக்காரர்களுக்குப் பழகிய காட்சி. போலிப் பக்கம் அத்தகைய சாளரத்தின் ஓவியத்தைத் தன் பரப்புக்குள்ளேயே வரைந்து, அதன் மேற்பகுதியில் உண்மையான முகவரியையும் பூட்டுச் சின்னத்தையும் எழுதிவிடுகிறது. 2022இல் குரூப்-ஐபி என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம், ஸ்டீம் பயனர்களைக் குறிவைத்து, போட்டியில் அணி சேர அழைப்பது போன்ற செய்திகளின் வழியே இம்முறை பயன்படுத்தப்படுவதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. கணினியில் இதை அறிய ஒரு வழி உண்டு: சிறு சாளரத்தைப் பிடித்து முதன்மைச் சாளரத்தின் எல்லைக்கு வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும், உண்மையானது வெளியே வரும், வரையப்பட்டது எல்லையில் நின்றுவிடும்.

இரண்டு கட்டச் சரிபார்ப்பு, அதாவது கடவுச்சொல்லோடு ஒருமுறை மட்டும் செல்லும் எண்ணையும் கேட்கும் முறை, கணக்குத் திருட்டுக்கு எதிராக எழுந்தது. பிளிசார்ட் 2008இல் 6.50 டாலர் விலையில் சிறு கைக்கருவி ஒன்றை விற்கத் தொடங்கியது. அதன் பொத்தானை அழுத்தினால் நுழைவுக்கான எண் தோன்றும். பின்னர் அது கைப்பேசிச் செயலியாகவும் கிடைத்தது. கணக்கோடு அதை இணைத்தவர்களுக்கு ஆட்டத்துக்குள் இரட்டைத் தலை நாய்க்குட்டி ஒன்றைப் பரிசளித்து நிறுவனம் ஊக்கப்படுத்தியது. வால்வ் 2011இல் ஸ்டீம் கார்டு என்ற பெயரில் மின்னஞ்சல் வழி எண்ணையும், 2015இல் கைப்பேசிச் செயலி வழி எண்ணையும் கொண்டுவந்தது. கடவுச்சொல் மட்டும் வெளியேறிய நிலையில் இந்த ஏற்பாடு கணக்கைக் காக்கும் என்பதால், இதை இதுவரை அமைக்காதவர்கள் உடனே அமைப்பது நல்லது.

ஆயினும் அதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். போலிப் பக்கம் இன்று வெறும் படிவமாக இருப்பதில்லை. அதில் இடப்படும் கடவுச்சொல்லை அந்த நொடியே உண்மையான தளத்தில் இட்டு, உண்மையான தளம் எண் கேட்டதும் அதே கேள்வியைத் தன் பக்கத்தில் காட்டி, பெற்ற எண்ணையும் உடனுக்குடன் கடத்தும் இடைத்தரகனாக அது இயங்குகிறது. கைப்பேசியால் ஸ்கேன் செய்து நுழையும் கியூஆர் கட்டமும் இவ்வாறே உண்மைத் தளத்திலிருந்து எடுத்துக் காட்டப்படலாம். நுழைந்த திருடன், பொருள் பரிமாற்றங்களைத் தானியங்கி நிரல் கையாள அனுமதிக்கும் ஏபிஐ சாவி ஒன்றை ஸ்டீம் கணக்கில் உருவாக்கிவிட்டு ஓசையின்றி வெளியேறுவதும் உண்டு. அதன்பின் உரிமையாளர் நண்பருக்கு அனுப்பும் பரிமாற்றத்தை அந்த நிரல் ரத்து செய்து, நண்பரின் பெயரும் படமும் கொண்ட வேறொரு கணக்குக்கு அதே பரிமாற்றத்தை உருவாக்கும். உரிமையாளரே தம் கைப்பேசியில் அதை உறுதிசெய்துவிடுவார்.

தமிழ்நாட்டில் கணினி ஆட்டங்களைவிடக் கைப்பேசி ஆட்டங்களே மிகுதியாக ஆடப்படுவதால் இங்கே இம்மோசடி சற்று வேறு வடிவம் கொள்கிறது. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், பிஜிஎம்ஐ போன்ற ஆட்டங்களில் ஃபேஸ்புக், கூகுள் முதலிய கணக்குகளின் வழியாகவே பலரும் நுழைகிறார்கள். ஆட்டத்துக்குள் செல்லும் நாணயங்களான டயமண்ட், யூசி இலவசம் என்றோ, பரிசுக்கான ரிடீம் கோடு என்றோ அழைக்கும் செய்தி மின்னஞ்சலைக் காட்டிலும் வாட்ஸ்அப், டெலிகிராம், யூடியூப் கருத்துரை வழியாக வந்து, ஃபேஸ்புக்கின் நுழைவுப் பக்கத்தைப் போன்ற ஒன்றைத் திறக்கிறது. அங்கே இடப்படும் கடவுச்சொல்லோடு ஆட்டத்தின் ஐடி மட்டுமன்றி அந்த ஃபேஸ்புக் கணக்கும், அதில் உள்ள குடும்பப் படங்களும் உரையாடல்களும் கைமாறுகின்றன. பின்னர் அந்தக் கணக்கிலிருந்தே நண்பர்களுக்குச் செய்தி செல்வதால், அறிந்தவர் அனுப்பிய இணைப்பு என்ற நம்பிக்கை அடுத்தவரை வீழ்த்துகிறது. நண்பர் அனுப்பினார் என்பது நண்பரின் கணக்கிலிருந்து வந்தது என்பதற்கு மேல் எதையும் உறுதிசெய்வதில்லை.

இவ்வளவு வழிகளில் வரும் மோசடிக்கு எதிரான நடைமுறை, வியப்பூட்டும் அளவுக்குச் சுருக்கமானது. கணக்கைப் பற்றிய செய்தி எதுவாயினும், அதில் உள்ள இணைப்பைத் தொடாமல், ஆட்டத்தின் செயலியையோ தாமே முன்பு குறித்துவைத்த பக்கத்தையோ திறந்து பார்க்க வேண்டும்; முடக்கமும் பரிசும் எச்சரிக்கையும் உண்மையாயின் அவற்றின் அடையாளம் பெரும்பாலும் அங்கேயே தெரியும், தெரியாவிட்டால் அங்கிருந்தே உதவிப் பிரிவைக் கேட்கலாம். கடவுச்சொற்களை நினைவில் வைக்கும் மேலாளர் செயலி ஒன்றைப் பயன்படுத்துவோருக்கு மற்றொரு காவலும் கிடைக்கிறது: அச்செயலி பக்கத்தின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை, டொமைனை மட்டுமே ஒப்பிடுகிறது, எனவே வழக்கமாகத் தானே நிரம்பும் கட்டம் நிரம்பாமல் நின்றால் அதை எச்சரிக்கையாகக் கொண்டு அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பாஸ்கீ எனப்படும் புதிய முறை இக்காவலை முழுமையாக்குகிறது. அதில் திறவுகோல் உரிய டொமைனோடு பிணைக்கப்பட்டிருப்பதால், உரிமையாளரே விரும்பினாலும் போலிப் பக்கத்தில் அதைக் கொடுக்க இயலாது. ஆட்ட நிறுவனம் அவ்வசதியை வழங்கவில்லையெனினும், கூகுள் கணக்கில் அதை அமைக்கலாம். கடவுச்சொல்லை மறந்துவிட்டேன் என்று சொன்னவுடன் பெரும்பாலான ஆட்டங்கள் மீட்பு மடல் அனுப்புவது மின்னஞ்சலுக்கே என்பதால், முதலில் காக்கப்பட வேண்டியது மின்னஞ்சல் கணக்கு.

கேட்காமல் வந்த உண்மையான எண் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். உரிமையாளர் நுழைய முயலாத நேரத்தில் நிறுவனத்திடமிருந்து நுழைவெண் வந்தால், அவரது கடவுச்சொல் வேறொருவர் கையில் இருக்கக்கூடும் என்பது அதன் பொருள். அந்த எண்ணை யாருக்கும் சொல்லாமல், தாமறிந்த வழியில் சென்று கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். உதவிப் பிரிவினர் என்று கூறிக்கொண்டு அரட்டையில் வந்து அந்த எண்ணைக் கேட்பவர் எவராயினும் திருடரே. எந்த ஆட்ட நிறுவனத்தின் உதவிப் பிரிவும் கடவுச்சொல்லையோ நுழைவெண்ணையோ அரட்டையில் கேட்பதில்லை.

ஏமாந்துவிட்டதை உணர்ந்தவர் செய்ய வேண்டியவற்றில் வரிசை முக்கியம். முதலில் மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, தாம் அமைக்காத மீட்பு எண்ணோ மடல்களை வேறு முகவரிக்குத் திருப்பும் ஏற்பாடோ அதில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். அடுத்து ஆட்டக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் கட்டளையைத் தர வேண்டும். ஸ்டீம் கணக்காயின் ஏபிஐ சாவியை நீக்க வேண்டும். அதே கடவுச்சொல் பயன்பட்ட பிற இடங்களிலும் மாற்ற வேண்டும். பொருள் வாங்கிய ரசீதுகள் உரிமைக்குச் சான்றாகும் என்பதால் அவற்றை அழிக்காமல் வைத்திருப்பது கணக்கை மீட்க உதவும். கணக்கு மீண்டாலும் பொருள்கள் மீளும் என்ற உறுதி இல்லை. இழந்த பொருளைப் புதிதாகப் படைத்துக் கொடுத்தால் ஒன்று இரண்டாகி அரிய பொருளின் மதிப்பு குறையும் என்ற காரணத்தால், ஸ்டீம் அவ்வாறு மீட்டுத் தருவதைக் கைவிட்டுவிட்டது.

இந்தியாவில் 1930 என்ற உதவி எண்ணிலும் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் முறையிடலாம். பிறரது கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66சி பிரிவின்கீழும், கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி பிரிவின்கீழும் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். பறிபோனது ஆட்டக் கணக்கு என்பதால் அவை குற்றமாகாமல் போய்விடுவதில்லை. இலங்கையில் இத்தகைய செயல்களுக்கு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் உள்ளது.

அணித் தலைவர்களுக்கும் கில்டு நடத்துவோருக்கும் தனியாக ஒரு வேண்டுகோள். ஏமாந்தவரை முட்டாள் என்று எள்ளும் குழுவில் அடுத்து ஏமாறுபவர் அதை மறைப்பார். அவர் மறைக்கும் நேரத்தில் அவரது கணக்கிலிருந்து மற்றவர்களுக்குத் தூண்டில் செல்லும். தேர்ந்த வணிகர்களே வீழ்ந்த துறையில் எள்ளுவதற்கு எவருக்கும் தகுதியில்லை. உடனே சொல்பவரைப் பாராட்டும் வழக்கத்தையும், நண்பரிடமிருந்து வரும் இணைப்பை வேறொரு வழியில் அவரிடமே கேட்டு உறுதிசெய்வதை அவமதிப்பாகக் கருதாத வழக்கத்தையும் குழுவில் நிலைநாட்ட வேண்டும். பொதுக் கருவூலத்தைத் திறக்கும் அனுமதியை இரண்டு கட்டச் சரிபார்ப்பு அமைத்தவர்களுக்கு மட்டும் அளிப்பது, பல அறிவுரைகளைவிட விரைவாகப் பலன் தரும்.

இம்மடலில் எங்கும் அழுத்துவதற்குரிய இணைப்பு எதுவும் தரப்படவில்லை. அது திட்டமிட்டே செய்யப்பட்டது. கடவுச்சொல் மாற்றும் பக்கமும் இரண்டு கட்டச் சரிபார்ப்பை அமைக்கும் பக்கமும் எங்கே உள்ளன என்பதை ஒவ்வொருவரும் தம் செயலியைத் திறந்து தாமே தேடிக் கண்டுகொள்ள வேண்டும். அவ்வாறு ஒருமுறை வழியை அறிந்துகொண்டவருக்கு அதன்பின் எந்த மடலும் வழிகாட்ட வேண்டிய தேவை இராது.

இங்ஙனம்,
விளையாட்டாளர் நலம் நாடுவோர்